பட்டாளத்து மேடும் என் வாயும்

மச்சான்,

காலையிலிருந்து வேலிக்காத்தான் முள் எரியும் புகை ஊரைச் சுற்றிக்கொண்டிருக்கிறது. உத்திரமேரூர் ஏரியில் பாதியை ஊற்றினாலும் அணையாது போல. கண் சிவந்ததற்குப் புகைதான் காரணம் என்று வீட்டில் சொல்லி வைத்திருக்கிறேன். எரிவது உன் மேடு. பொக்லைன் வைத்து முள்ளைப் பிடுங்குகிறார்கள். ஏதோ அரசாங்கக் கட்டடம் வரப்போகிறதாம்.

எல்லைச் சண்டையில் இடது காலில் குண்டுச் சில்லோடு நீ ஊருக்குத் திரும்பி, முன்னாள் ராணுவத்தாருக்கான ஒதுக்கீட்டில் இரண்டு ஏக்கர் வாங்கினாயே, அன்று தண்டோரா போடாத குறையாக ஊரைக் கூட்டியவன் நான். “அந்தக் காலத்து ராஜா, சண்டையில செத்தவன் குடும்பத்துக்கு உதிரப்பட்டின்னு நிலம் வுட்டான். வெள்ளைக்காரன், கப்பல் ஏறிப் போய் சண்டை போட்டவனுக்கு முள்ளுக்காடு குடுத்தான். அவங்க எல்லாரையும் தூக்கி அடிக்கிற தானம் இன்னிக்கி என் மச்சானுக்கு!” என்று டீக்கடை பெஞ்சின் மேல் ஏறி நின்று முழங்கினேன். நீ சிரிக்கவில்லை. “தானம்னு சொல்லாத. காலக் குடுத்துட்டு வாங்கினது” என்றாய்.

நிலத்தைப் பார்த்ததும் என் முழக்கம் அடங்கியது. சந்திரனில் இறங்கியவன்கூட அந்த மேட்டைக் கண்டால் திரும்ப ராக்கெட்டில் ஏறிவிடுவான், அத்தனை கல். உனக்கு முன்னால் அங்கே நிலம் வாங்கிய பழைய பட்டாளத்தார் இரண்டு பேர் ஒரு வருஷம் பார்த்துவிட்டு, மெட்ராஸுக்குக் காவல் வேலைக்குப் போய்விட்டார்கள். அவர்கள் பயிர் வைக்காததால் சர்க்கார் நிலத்தைத் திரும்ப எடுத்துக்கொண்டது. சர்க்கார் நிலம் கொடுக்கும்போது தந்த ஒப்படைத் தாளிலேயே அப்படித்தான் இருந்தது: விற்கக்கூடாது, குத்தகைக்கு விடக்கூடாது, வாங்கியவனே உழ வேண்டும்.

நீ போகவில்லை. காலை இழுத்து இழுத்து, கடப்பாரையால் மூன்று வருஷம் கல் பெயர்த்தாய். நான் பனைமரத்து நிழலில் உட்கார்ந்து மேற்பார்வை பார்த்தேன். பக்கத்துக் கொல்லையின் கிணற்றுக்காரர், தானாக வந்து, “தண்ணிக்கு யோசிக்காத. என் மோட்டாரு ஓடறச்ச உன் பக்கமும் ஒரு வாய்க்கா வெட்டி வுட்டுக்கோ” என்றார். நாலாம் வருஷம் வேர்க்கடலை வந்தது. முதல் செடியைப் பிடுங்கி மண்ணோடு என் அக்காள் கையில் கொடுத்தாய். நீ பட்டாளத்தில் பதக்கம் வாங்கியபோதுகூட அவள் அப்படிப் பார்த்திருக்கமாட்டாள்.

அடுத்த போகம் பூவிட்ட சமயத்தில் உன் காலில் சீழ் பிடித்தது. மெட்ராஸில் ராணுவ ஆஸ்பத்திரிக்குப் போனாய். “பத்து நாளு தண்ணி மட்டும் பாத்துக்கோடா, போதும்” என்றாய். நானும் பார்த்துக்கொண்டேன். என் வாழ்நாளில் நான் செய்த ஒரே விவசாயம் அந்தப் பத்து நாள்தான்.

ஏழாம் நாள் ரெவின்யூ இன்ஸ்பெக்டர் தணிக்கைக்கு வந்தார். கூடவே தலையாரியும், வேடிக்கைக்கு நாலு பேரும். அந்த நாலு பேரும் என்னைச் சோம்பேறி என்று வாய் வலிக்கச் சொன்னவர்கள்.

“இது யாரு வச்ச பயிரு?” என்றார் இன்ஸ்பெக்டர்.

மண்வெட்டியைத் தோளில் போட்டுக்கொண்டு, மூவுலகையும் உழுது முடித்தவன்போல நின்றேன். “இன்னா சார் கேள்வி? நான்தான். இந்த மேட்டுல ஒரு கல்லு நகந்திருந்தா, அது என் கைக்கு பயந்துதான் நகந்துது.”

“பட்டாளத்துக்காரர்?”

“அவரு வரப்புல குந்திக்கினு சல்யூட் அடிப்பாரு சார்!”

எல்லாரும் சிரித்தார்கள். இன்ஸ்பெக்டரும் சிரித்துக்கொண்டே ஏதோ எழுதினார். அன்று எனக்கு மாலை போடாததுதான் குறை.

கடலை பிடுங்குவதற்குள் நோட்டீஸ் வந்தது. ஒப்படை பெற்றவர் சுயசாகுபடி செய்யவில்லை, நிலம் வேறு நபர் அனுபவத்தில் உள்ளது, ஒப்படை ரத்து. நீ அதை மூன்று முறை படித்தாய். “எவனோ மொட்ட பெட்டிசன் போட்டுக்கீறான்” என்றாய். யார் என்று நீயே முடிவும் செய்தாய். “கிணத்துக்காரன்தான். எடத்து மேல கண்ணு. அதான் தண்ணி வுட்டான்.” நான் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தேன் மச்சான். எதற்கெடுத்தாலும் ஏழு கடலைத் தாண்டிப் பேசுகிற வாய் அன்று திறக்கவில்லை. அக்காள் முகத்தைப் பார்த்தேன், பயம். நாளைக்குச் சொல்லலாம் என்று நினைத்தேன். எத்தனை நாளை!

அதற்குப் பிறகு நீ அவர் முகத்தில் விழிக்கவில்லை. அவர் மகள் கல்யாணத்துக்குப் போகவில்லை. உன் சாவுக்கு அவர் வந்து, உள்ளே நுழையாமல், தெரு முனையிலேயே துண்டைக் கையில் பிடித்தபடி நின்றுவிட்டுப் போனார்.

இன்று பொக்லைனைப் பார்த்து உன் மகள் ஓடிவந்தாள். “மாமா, தாலுகா ஆபீஸ்ல மனு குடுக்கப் போறேன். கட்டடம் கட்டிட்டா அப்புறம் ஒன்னும் பண்ண முடியாது. அப்பாதான் பயிர் வச்சாருன்னு நீங்க எழுதிக் குடுங்க. கூட இருந்தவரு நீங்க ஒருத்தர்தான்.”

எழுதினேன். இன்ஸ்பெக்டரிடம் நான் சொன்னதையும் எழுதினேன். அவள் நின்றபடியே படித்தாள். பிறகு உட்கார்ந்து மறுபடி படித்தாள். திட்டுவாள் என்று காத்திருந்தேன்.

“இத்த அப்பா இருக்கச்ச சொல்லியிருந்தா, நிலம் வருதோ இல்லியோ, அவரு கெணத்தாண்ட போய் ஒரு சொம்பு தண்ணி வாங்கிக் குடிச்சிருப்பாரு மாமா” என்றாள். தாளை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு பஸ்ஸுக்குப் போய்விட்டாள். மனு நிற்குமா என்று தெரியவில்லை. பழைய கேஸ் என்று தள்ளிவிடுவார்கள் என்றுதான் எல்லாரும் சொல்கிறார்கள்.

அவள் போனதும் நான் கிணற்றுக்காரர் வீட்டுக்குப் போனேன். கிழவருக்குக் காது மந்தம். இன்ஸ்பெக்டரிடம் நான் உளறியதைத் தெருவே கேட்கும்படி கத்திச் சொல்லவேண்டியிருந்தது. முழுக்கக் கேட்டார். கோபப்படவில்லை.

“இத்தினி வருசமா, நான் இன்னா தப்பு பண்ணேன்னு ரோசன பண்ணிக்கினே கீறேன்” என்றார். புகை வரும் திசைக்குத் திரும்பினார். பிறகு கேட்டார்: “நான் இல்லன்னு அவனுக்குத் தெரியுமாடா?”

“தெரியாது” என்றேன்.

அவருக்குக் கேட்கவில்லை. காதருகே குனிந்து இன்னொரு தரம் சொன்னேன்.