வலிக்காது என்று சொன்னால் விறைக்கும் கால்

அன்புள்ள அப்பாவுக்கு, மகளின் வணக்கம். இங்கே நான் நலம். வேளாவேளைக்குச் சாப்பிடுகிறேன்.

வளைந்த பாதத்தை நேராக்கி மாவுக்கட்டு போடுவதுதானே என் வேலை? நேற்று ஒரு நான்கு வயதுச் சிறுமியிடம், "வலிக்காது கண்ணு" என்றேன். உடனே அவள் கெண்டைக்கால் கட்டையாக விறைத்துக்கொண்டது.

"போன தடவையும் இதேதான் சொன்னீங்க" என்று முறைத்தாள்.

"சரி, கொஞ்சம் இழுக்கும். நீ நிறுத்துன்னா நிறுத்திடுவேன்" என்று சொல்லி, வெந்நீர்த் துணி சுற்றி மெல்ல நீவினேன். கால் தானாகத் தளர்ந்தது.

அப்பா, மூன்று கடிதங்களாக, "முழங்காலில் வலியே இல்லை" என்று எழுதுகிறீர்கள். நான் கேட்கவே இல்லையே! எக்ஸ்ரே எடுத்து அனுப்புங்கள். அடுத்த குழந்தை வந்துவிட்டது, முடிக்கிறேன். நீங்கள் உண்மையை எழுதினால், என் சாப்பாட்டைப் பற்றி நானும் எழுதுகிறேன்.