பஸ் வந்தால்தான் பாதை

திருகோணமலை
4.8.1976

அன்புள்ள அத்தானுக்கு,

சுகமாக வந்து சேர்ந்தேன். நீங்கள் கட்டித் தந்த இடியப்பப் பார்சல் மண்டபத்துக்குள் நுழைந்த கையோடு முடிந்துபோயிற்று. எனக்குக் கிடைத்தது சம்பல் மட்டுந்தான்.

நாங்கள் ஒன்பது பெண்கள். பாடசாலை மண்டபத்தில் பாய் விரித்துப் படுக்கிறோம். என்னைத் தவிர ஒருத்திக்கும் கலியாணமாகவில்லை. யாழ்ப்பாணத்திலிருந்து வந்திருக்கும் கமலாதேவி முதல் நாளே கேட்டுவிட்டாள்: "அக்கா, அவர் உங்களை எப்பிடி விட்டவர்?"

"அவிட்டு விடுறதுக்கு நான் என்ன மாடே?" என்றேன். அதன் பிறகு அவள் என் பக்கத்துப் பாய்க்கு வந்துவிட்டாள்.

பயிற்சியாளர் இராசையா மாஸ்டர் கொழும்பிலிருந்து வந்தவர். போட்டிகள் சித்திரையில்தான் தொடங்கும். "இப்ப வேகம் வேண்டாம் பிள்ளையள். இப்ப விளக்குக்கு எண்ணெய் விடுறம். கொளுத்துறது பிறகு" என்கிறார். எண்ணெய் விடுவதென்றால் விடியக் கிளம்பி, கந்தளாய் வீதியில் கச்சான் காற்றுக்கு முகம் கொடுத்துச் சைக்கிள் மிதிப்பது. ஒருத்தி முன்னே போய்க் காற்றை வாங்குவாள். மற்றவர்கள் அவளுடைய பின்சில்லை ஒட்டி வருவார்கள். களைத்ததும் முறை மாறும். முன்னே போகும்போது ஒருவரோடும் கதைக்கத் தேவையில்லை என்பதால் நான் என் முறையைக் கொஞ்சம் நீட்டிக்கொள்கிறேன்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். பயிற்சியின் கடைசி ஞாயிற்றுக்கிழமை ஒரு நீண்ட சைக்கிள் ஓட்டம். அதில் முதலில் வரும் நால்வருக்குத்தான் சித்திரைப் போட்டியில் இடம். எனக்கு இருபத்தாறு வயதாகிறது. அடுத்த வருடமும் என்னைக் கூப்பிடுவார்களோ தெரியாது. அந்த நால்வரில் ஒருத்தியாக வேண்டும், அத்தான். இதை உங்களுக்கு மட்டுந்தான் எழுதுகிறேன்.

சேவலை மழைக்கு முன் கூட்டுக்குள் விடுங்கோ.

உங்கள்
கோசலா

◆

கிண்ணியா
8.8.1976

அன்புள்ள கோசலா,

கடிதம் கிடைத்தது. இங்கே மழை இல்லை, ஆகையால் சேவல் வெளியே நிற்கிறது.

நான் சமைக்கிறேன் என்று எழுதினால் நம்பமாட்டீர். நீர் நம்பாதது சரிதான். பக்கத்து வீட்டுச் சித்தி பரீதா மூன்று நேரமும் கறி அனுப்புகிறா. நேற்று வேலிக்கு மேலால் எட்டிப் பார்த்து, "என்ன தம்பி, பொஞ்சாதிய சைக்கிள்ள ஏத்தி அனுப்பிப்போட்டு நீங்க கோழிக்குக் கதை சொல்லிக்கிட்டு இருக்கீங்க?" என்று கேட்டா. உண்மையில் அப்போது நான் கோழியோடுதான் கதைத்துக்கொண்டிருந்தேன்.

நீர் பாதியில் குப்புற வைத்துவிட்டுப் போன நாவலை எடுத்து நான் முடித்துவிட்டேன். முடிவைச் சொல்லமாட்டேன். என்னைத் தனியே விட்டதற்கு அதுதான் தண்டனை.

துறையில் ஒரு மாற்றமும் இல்லை. பஸ் வருகிறது, பாதைப் படகில் ஏறுகிறது, பாதையை அக்கரைக்கு விடுகிறோம். கயிறு அவிழ்க்கிற தாஹிர் காக்கா ஒவ்வொரு நாளும், "நம்மட புள்ள எப்ப வரும்?" என்கிறார்.

நால்வரில் ஒருத்தியாக நீர் வருவீர். எனக்குச் சைக்கிளைப்பற்றி ஒன்றும் தெரியாது. உம்முடைய பிடிவாதத்தைப்பற்றித் தெரியும்.

ஞானசேகரம்

◆

திருகோணமலை
14.8.1976

அன்புள்ள அத்தானுக்கு,

சிரிக்காமல் வாசியுங்கோ.

நேற்று மாஸ்டர் சுவரில் வரைபடத்தைத் தொங்கவிட்டு, கடைசி ஓட்டத்தின் வழியைச் சிவப்புப் பென்சிலால் காட்டினார். இங்கிருந்து கந்தளாய், திரும்பி சீனக்குடா, அங்கிருந்து கிண்ணியா, பிறகு ஆலங்கேணிச் சந்தி. "ஓரிடத்திலையும் கால் தரையில படக் கூடாது" என்றார். பென்சில் உங்கள் துறைத் தண்ணீருக்கு மேலால் ஒரு தடங்கலுமின்றிப் போயிற்று. வரைபடத்தில் வீதிக்கோடு அங்கே அறுபடவில்லை. பாலம் என்று நினைத்துவிட்டார்!

மற்றப் பெண்கள் வெளியூர். அந்த மண்டபத்தில் உண்மை தெரிந்தவள் நான் ஒருத்திதான். வாய் திறந்தேன், மூடிவிட்டேன். சொன்னால் ஓட்டத்தை நிலாவெளிப் பக்கம் மாற்றிவிடுவார். நான் உங்களைப் பார்த்து இரண்டு கிழமையாகிறது.

பிறகுதான் யோசித்தேன். நான் முன்னுக்கு வந்தாலும் பின்னுக்கு வந்தாலும் உங்கள் துறையில் நிற்க வேண்டும். அதனால் இப்போதே கேட்டுக்கொள்கிறேன்: எனக்காகப் பாதையை மறிக்கவும் வேண்டாம், முந்தி விடவும் வேண்டாம். கோசலா மனுசனின் பாதையில் ஏறி வென்றவள் என்று ஒருவரும் சொல்லக் கூடாது. என்னை யாரோ ஒரு பெண்ணாக நினையுங்கோ.

உங்கள்
கோசலா

◆

கிண்ணியா
18.8.1976

அன்புள்ள கோசலா,

சிரித்துத்தான் வாசித்தேன். சித்தி பரீதாவுக்கும் வாசித்துக் காட்டினேன் (நீர் என்னைப் பார்க்க விரும்பிய பகுதியைத் தவிர).

ஆனால் கடைசிப் பந்தி கொஞ்சம் சுட்டது. ஆறு வருட வேலையில் நான் ஒருவருக்காகவும் பாதையை மறித்ததில்லை. பெரிய அதிகாரி காரில் வந்து ஹோன் அடித்தபோதும் மறிக்கவில்லை. பஸ் வந்து ஏறினால் பாதை போகும். இதை நீர் எனக்கு எழுத வேண்டியிருந்ததா?

யாரோ ஒரு பெண்ணாகவே நினைக்கிறேன். அதற்குக் கொஞ்சம் பயிற்சி வேண்டும்.

ஞானசேகரம்

◆

கிண்ணியா
23.8.1976

அன்புள்ள கோசலா,

நேற்று நீங்கள் எல்லாரும் லொறியில் திரும்பும்போது என் வேலைநேரம் முடிந்துவிட்டது. எனக்குப் பிறகு முறைக்கு வந்த அருளம்பலத்தார்தான் துறையில் நின்றாராம். நீர் எத்தனையாவதாக வந்தீர் என்று அவர் கேட்கவேயில்லை. அந்தக் கோபத்தில் அவரோடு பிறகு கதைக்கவில்லை.

ஆகையால் என் பக்கத்தில் நடந்ததை எழுதுகிறேன். வெண்மணல் வீதியில் ஒரு புள்ளி தெரிந்ததும் தாஹிர் காக்கா தொப்பியைக் கழற்றி வீசினார். "சேர், நம்மட புள்ள! தனிய வருது! பின்னுக்கு ஒருத்தரும் இல்ல!" எனக்கும் கண் இருக்கிறது. நீர் வந்து இறங்கினீர். முகமெல்லாம் உப்பு. "சைக்கிளை ஓரமாய் விடுங்கோ, நடுவில பஸ் நிக்கும்" என்றேன். "சரி" என்றீர். மூன்று கிழமைக்குப் பிறகு நாம் கதைத்தது அவ்வளவுதான்.

"சேர், கயித்த அவுக்கட்டா?" என்றார் தாஹிர் காக்கா.

"பஸ் வரட்டும்."

"அந்தப் புள்ளைகள் வந்து சேந்திருமே! ஒங்கட பொஞ்சாதி சேர்!"

"பஸ் வரட்டும், காக்கா."

ஒவ்வொருத்தியாக வந்து சேர்ந்தார்கள். கமலாதேவி என்னை மேலும் கீழும் பார்த்து, "இவரோ அவர்?" என்று கேட்டது எனக்குக் கேட்டது. உங்கள் மாஸ்டர் ஜீப்பால் இறங்கி, தண்ணீரைப் பார்த்தார், வரைபடத்தைப் பார்த்தார், பிறகும் தண்ணீரைப் பார்த்தார். "இதில பாலம் இல்லையோ?" என்றார். "இன்னும் இல்லை" என்றேன். தயிர்ச்சட்டி கொண்டுபோன ஒரு கிழவர் உங்களுக்கு ஒரு சட்டியைத் திறந்து தந்து, ஒன்பது பேரும் விரலால் வழித்துத் தின்றதையும் மாஸ்டர் பார்த்துக்கொண்டு நின்றார்.

நீர் மட்டும் கம்பியைப் பிடித்தபடி தண்ணீரையே பார்த்துக்கொண்டு நின்றீர். உம்முடைய முன்னணியெல்லாம் என் துறையில் கரைந்து போனது. அக்கரையில் நீங்கள் எல்லாரும் ஒன்றாய் இறங்கி ஓடினீர்கள். அதன் பிறகு எனக்கு ஒன்றும் தெரியாது.

மற்றப்படி பாதை வழமைபோல் ஓடியது.

எத்தனையாவது?

ஞானசேகரம்

◆

திருகோணமலை
25.8.1976

அன்புள்ள அத்தானுக்கு,

நாலாவது.

முதல் மூன்று பேரையும் பிடிக்க ஏலாது என்று தெரிந்துவிட்டது. பாதையில் நின்ற நேரத்தில் என் கால் மரத்துப்போயிருந்தது. நாலாவது இடத்துக்கு நானும் கமலாதேவியும். கச்சான் பக்கவாட்டில் அடித்துத் தள்ளியது. முறை மாற்றி முன்னே போனோம், எதிரிகளும் அப்படிச் செய்வார்களோ தெரியாது. ஆலங்கேணிச் சந்தி தெரிந்ததும் இரண்டு பேரும் கத்திக்கொண்டு மிதித்தோம். அரைச் சில்லு அளவில் முந்தியது நான். "அக்கா, உங்கட மனுசன் ஒரு கல்லு!" என்று மூச்சு வாங்கிச் சொன்னாள். "அவர் விட்டிருந்தா நீங்கள் தனிய வந்திருப்பியள்." பிறகு என் கழுத்தைக் கட்டிக்கொண்டு அழுதாள். அடுத்த வருடம் அவள் வருவாள், அத்தான். அவளுக்குப் பத்தொன்பதுதான்.

தாஹிர் காக்காவிடம் சொல்லுங்கோ. சித்தி பரீதாவுக்கும். கோழிக்கும்.

கல் என்று அவள் சொன்னபோது எனக்குக் கோபம் வரவில்லை. நான் கேட்டதைக் கேட்டபடியே செய்தீர்கள். கேட்டிராவிட்டாலும் அப்படித்தான் செய்திருப்பீர்கள். தண்ணீரைப் பார்த்துக்கொண்டு நின்றது ஏனென்றால், உங்களைப் பார்த்தால் சிரித்துவிடுவேன்.

இன்று சந்தைக்குப் போனேன். பஸ் நிலையத்தில் கண்டக்டர் அன்ஸார் என்னைக் கண்டு பாய்ந்து வந்தார். "ஒங்கட சேரால ஞாயித்துக்கிழம எனக்கு ட்ரிப் பிந்திப் போச்சு! இக்கரைக்கு வாறதுக்கு பஸ் ஏறிட்டு, ஆக்களும் ஏறிட்டு, ட்ரைவர் ஹோன் அடிச்சு அடிச்சுக் களச்சுப் போனார். இவர் கயித்தயும் கையில புடிச்சிக்கிட்டு ஆலங்கேணி றோட்டயே பாத்துக்கிட்டு நிக்காரு. அங்க புழுதி மட்டுந்தான் கிடக்கு! கடைசில தாஹிர் காக்காதான் கயித்தப் பறிச்சு அவுத்தது."

வழமைபோல் ஓடியதாக எழுதியிருந்தீர்கள்.

வெள்ளிக்கிழமை பின்னேரம் வருகிறேன். சைக்கிளில்தான். நாவலின் முடிவை அப்போது சொன்னால் போதும். பஸ் இன்னும் வராவிட்டால் கயிற்றை அவிழ்க்க வேண்டாம். எனக்கு அவசரமில்லை.

உங்கள்
கோசலா