மஞ்சள் தடவிய 'இல்லை'

பாவா,

இன்று காலைத் தபாலில் பள்ளிப்பட்டிலிருந்து ஒரு கல்யாணக் கடிதாசி வந்தது. நாலு மூலையிலும் மஞ்சள். அந்த வாசனை மூக்கில் ஏறியதும் கடிதாசியைக் கவிழ்த்து வைத்துவிட்டேன். நல்ல சேதி என்று ஊருக்கெல்லாம் தெரிகிற மஞ்சளைப் பார்த்துத் தலைகுனிகிற ஆள் இந்தத் திருத்தணியில் நான் ஒருவன்தான் இருப்பேன்.

யுத்த காலம் அது. பெட்ரோல் இல்லாமல் பஸ்ஸெல்லாம் கரியில் ஓடிய நாட்கள். இங்கே பஸ் கம்பெனி ஆபீசில் நான் குமாஸ்தா. டிக்கெட் எழுத ஆள் வேண்டும் என்றதும் உங்களுக்கு மனு எழுதிக் கொடுத்தவனும் நான்தான். நூல் கிடைக்காமல் தறி நின்றுபோய், அக்காவோடு எங்கள் வீட்டில் வந்து தங்கியிருந்தீர்கள். இரண்டாம் தரம் சோறு போட வந்தால் இலையை மூடிவிடுவீர்கள்.

"இந்த வேல கெடச்சா உங்க அக்காவ தனியா இட்டுகினு போயிடுவேன் மச்சான். மாமனார் ஊட்டு சோறு போதும்" என்றீர்கள். கிடைத்தால் மலையில் முடி இறக்குவதாகவும் வேண்டிக்கொண்டீர்கள்.

முதலாளி வேலையைத் தன் மைத்துனர் மகனுக்குக் கொடுத்துவிட்டார். "உன் பாவாகிட்ட நீயே பதமா சொல்லிடுப்பா" என்றார். "ஆங், சொல்லிட்றேங்க" என்றேன். நாலு நாள் உங்கள் பக்கத்து இலையில் உட்கார்ந்து சாப்பிட்டேன். வாயைத் திறக்கவில்லை.

வெள்ளிக்கிழமை, மனு போட்ட மற்றவர்களுக்கு 'இல்லை' கார்டு எழுத உட்கார்ந்தேன். யாரோ ஒரு வக்கீல் எழுதிக் கொடுத்திருந்த நாலு வரி இங்கிலீஷ். வருந்துகிறோம் என்று முடியும். அதோடு உங்களுக்கும் ஒன்று எழுதிவிட்டேன். ஒரே கூரைக்குக் கீழே படுத்துக்கொண்டு, சொல்லவேண்டியதைத் தபால்காரர் தலையில் கட்டினேன். இதைவிடக் கேவலம் ஒன்று உண்டு. வெள்ளிக்கிழமை பூஜை ஆனதும் வெளியே போகிற தபாலுக்கெல்லாம் மஞ்சள் தொட்டு வைக்கவேண்டும் என்பது முதலாளி உத்தரவு. பில்லுக்கும் மஞ்சள், வக்கீல் நோட்டீசுக்கும் மஞ்சள். கைப்பழக்கத்தில் உங்கள் கார்டுக்கும் வைத்தேன்.

மறுநாள் மத்தியானம் ஆபீஸ் வாசலில் வந்து நின்றீர்கள். மொட்டைத் தலை நிறையச் சந்தனம், கையில் இலைப் பொட்டலத்தில் பஞ்சாமிர்தம். கார்டு வந்ததும் நேராக மலையேறியிருக்கிறீர்கள். இங்கிலீஷ் தெரியாத உங்களுக்கு மஞ்சள் தெரியும்.

"எப்ப வந்து சேரச் சொல்லிக்கீறாங்க? படி மச்சான்" என்று கார்டை நீட்டினீர்கள்.

நான் அதை இங்கிலீஷிலேயே படித்தேன், முழுசாக. "தமிழ்ல சொல்லுப்பா" என்றீர்கள், சிரித்துக்கொண்டே.

"இல்லையாம் பாவா" என்றேன்.

'இல்லை' என்றுகூடச் சொல்லவில்லை. 'இல்லையாம்.' யார் வீட்டுச் சேதியையோ சொல்கிறவன் மாதிரி.

கார்டைத் திருப்பி விலாசத்தைப் பார்த்தீர்கள். "எழுத்து உன்துதானே?" தலையாட்டினேன். "ஊட்லயே சொல்லியிருக்கலாமே. நான் இன்னா கடிச்சா துன்னப்போறேன்?" அவ்வளவுதான் கேட்டீர்கள். திட்டியிருந்தால் தேவலை.

சாயங்காலம் வீட்டில் நீங்கள் அக்காவிடம் சொன்னதைக் கதவோரம் நின்று கேட்டேன். "வேல வந்துது. சம்பளம் கட்டாது, நாந்தான் வேணான்னுட்டேன்." என்னைக் காப்பாற்றத்தான் சொன்னீர்கள். உள்ளே போய் உண்மையைச் சொல்ல எனக்கு ரெண்டு அடிதான் இருந்தது. போகவில்லை.

அக்கா நம்பிவிட்டாள். நீங்கள் அரக்கோணத்தில் மூட்டை தூக்கி அவளைத் தனிக்குடித்தனம் வைத்த பிறகும் உங்களை விடவில்லை. "ஊடு தேடி வந்த வேலைய எட்டி ஒதச்ச மகராசன்" என்று எதற்கெடுத்தாலும் குத்துவாள். நீங்கள் என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டுச் சிரிப்பீர்கள். போன ஐப்பசியில் உங்கள் பதினாறாம் நாளன்றும் அதைச் சொல்லித்தான் அழுதாள். பந்தலில் உட்கார்ந்து நான் வெற்றிலை மென்றுகொண்டிருந்தேன்.

இப்போது அக்கா என்னோடுதான் இருக்கிறாள். எழுதப் படிக்கத் தெரியாதவள். அவளிடம் வாயால் சொல்லவேண்டியதை இல்லாத உங்களுக்கு எழுதிக்கொண்டிருக்கிறேன் பாவா. சமையற்கட்டிலிருந்து எட்டிப் பார்த்து, "இன்னாடா காலைலேர்ந்து எழுதிகினே கீற?" என்கிறாள்.

"ஒண்ணுமில்லக்கா" என்கிறேன்.