விழுங்கியும் செரிக்காத பச்சை

பால்கனியில் மணிபிளான்ட் வைத்திருக்கும் பாட்டிலின் நீரை மாற்றி வெகுநாளாகிவிட்டது. இன்று காலை எடுத்தபோது பாசி வாடை குப்பென்று அடித்தது. உடனே நீதான் நினைவுக்கு வந்தாய். பள்ளியிலிருந்து வந்ததும் புடவைகூட மாற்றாமல் மைக்ராஸ்கோப்பின் முன் குனிந்து நிற்பாயே, அந்த டெல்லி மயூர் விஹார் மாலைகள். கொட்ட மனம் வராமல் பாட்டிலை அப்படியே வைத்துவிட்டேன்.

பன்னிரண்டாம் வகுப்பு மாணவி ஒருத்தி கேட்ட கேள்வியில் ஆரம்பித்தது அது. நம் செல்லுக்குள் சக்தி தயாரிக்கும் மைட்டோகாண்ட்ரியா ஒரு காலத்தில் தனி பாக்டீரியாவாகத் திரிந்தது, இன்னொரு செல் அதை விழுங்கியது, ஆனால் செரிக்கவில்லை, இரண்டும் சேர்ந்து பிழைத்ததால்தான் செடியும் நாமும் உண்டானோம் என்று நீ பாடம் நடத்தியிருக்கிறாய். "சச் மே, மேம்? நிஜமாவா? விழுங்கினா செரிக்காம இருக்குமா? யாராவது பாத்திருக்காங்களா?" என்றாளாம் அவள். "பாத்துட்டுச் சொல்லுதேன்" என்று திருநெல்வேலித் தமிழில் வாக்குக் கொடுத்துவிட்டு வந்தாய். படிப்பு விடுமுறை விடுவதற்குள் காட்டியாக வேண்டும். அதற்குப் பிறகு அந்த வகுப்பே இருக்காது.

ஏரித் தண்ணீரை ஊறுகாய் பாட்டில்களில் கொண்டுவந்தாய். அதில் நீ தேடியது செருப்பின் அடிப்பாகம் போன்ற வடிவில் நீந்தும் ஒற்றைச் செல் உயிர், பரமீசியம். அதில் ஒரு வகை, பாசியை விழுங்கிச் செரிக்காமல் உயிரோடு வைத்துக்கொள்ளும். உள்ளே இருக்கும் பாசி வெயிலில் உணவு சமைத்துத் தன்னை வைத்திருப்பவனுக்கும் கொடுக்கும். எத்தனையோ நாள் தேடலுக்குப் பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை நீ போட்ட கூச்சலில் என் தேநீர் கொட்டியது. பச்சை உயிர்கள் இருந்த பாட்டில்களை ஜன்னலில் வைத்தாய். வெளிச்சம் இல்லாவிட்டால் என்ன ஆகிறது என்று பார்க்க ஒன்றை மட்டும் வாயில் துணி கட்டி, அவற்றுக்கு இரையாகும் பாக்டீரியா வளர ஒரு சோற்றுப் பருக்கை போட்டு, பீரோவுக்குள் உன் பட்டுப்புடவைகளுக்கு அருகில் வைத்தாய். பாசி வாடையோடு அந்தப் புடவைகளைக் கல்யாணங்களுக்குக் கட்டிக்கொண்டு போனவள் நீ ஒருத்திதான்!

டெங்கு பரவிய சமயம். "அம்மா, செக்ரட்டரி அங்கிள் வந்திருக்காரு, ஜல்தி வா!" என்று நம் பெண் ஓடிவந்தாள். "படிச்சவங்களே தண்ணியத் தேக்கி வெச்சா எப்படி மேடம்?" என்றபடி ஜன்னலில் இருந்த பாட்டில்களை எல்லாம் குடியிருப்புச் சங்கச் செயலாளரான அவர் கவிழ்த்தார். எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. நீ என் கையைப் பிடித்து நிறுத்தினாய். "நாலு வீட்ல காய்ச்சலாக் கெடக்காங்க. அவரு செய்யுதது சரிதான்."

அவர் போனதும் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாய். நான் செயலகத்துக் குமாஸ்தா, எழுத்தில் இருந்தால் எனக்குப் போதும். "புத்தகத்தில் இருக்கிறது என்று சொல்லிவிடேன்" என்றேன்.

"அவ புத்தகத்தையா கேட்டா?" என்றாய். பிறகு திடீரென்று, "ஐயோ, பீரோ!" என்று எழுந்து ஓடினாய்.

இருட்டில் கிடந்தவை வெளிறிப் போயிருந்தன. ஒவ்வொன்றுக்குள்ளும் இரண்டு மூன்று பச்சைப் புள்ளிகளே மிச்சம். டிசம்பர் மூடுபனியில் வெயில் விழும் இடமெல்லாம் அந்த பாட்டிலை, அப்பளத் தட்டை நகர்த்துவதுபோல, நகர்த்திக்கொண்டே இருந்தாய். செத்துவிடுமோ என்று நானும் அலுவலகத்தில் உட்கார்ந்தபடி கவலைப்பட ஆரம்பித்துவிட்டேன். ஆனால் அந்த இரண்டு மூன்று, பத்தாகி, செல் முழுவதும் நிறைந்தன. செரித்துப் போனது பெருகாது; அவை உள்ளே உயிரோடுதான் இருந்திருக்கின்றன. நீ திட்டமிட்டு வைத்திருந்தால்கூட இவ்வளவு அழகாக அமைந்திருக்காது.

கடைசி வகுப்பன்று ஸ்கூட்டரில் நீ பாட்டிலை மடியில் வைத்துக்கொண்டு வந்தாய். நான் ஆய்வகத்து வாசலிலேயே நின்றேன். அந்தப் பெண் ஒரு கண்ணை மூடி வெகுநேரம் பார்த்தாள். "மேம்! உள்ள அப்படியே முழுசா இருக்கு!" என்று கத்தினாள். வேறு யாராக இருந்தாலும் அதோடு மார்தட்டியிருப்பார்கள். நீ, "அன்னைக்கி அப்படித்தான் நடந்துச்சுன்னு இது நிரூபிக்காது. நடக்கக்கூடியதுன்னு காட்டுது, அவ்வளவுதான்" என்றாய். வெற்றியின் நடுவிலும் ஒரு சொல் கூட்டிச் சொல்லாத உன்னை நினைத்து அன்று எனக்கு வந்த பெருமை இன்னும் குறையவில்லை.

திரும்பி வரும்போது பின்னாலிருந்து இன்னொன்றும் சொன்னாய். "பிள்ளைகளுக்கு மைட்டோகாண்ட்ரியா அம்மாகிட்ட இருந்துதான் வரும். அதுல உங்க பங்கு ஒண்ணும் கெடையாது, பாத்துக்கோங்க." நான் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டேன், நீ வழி நெடுகச் சிரித்தாய்.

நம் பெண் போன வாரம் வந்திருந்தாள். மூக்கு, நெற்றி, நடை எல்லாமே என் ஜாடை என்று பக்கத்து வீட்டில் சொன்னார்கள். நீ கண்ணை மூடிய பிறகு உன்னை அவளிடம் தேடித் தேடிக் காணாமல் அழுதிருக்கிறேன். லிஃப்ட் ஓடவில்லை, மாடி ஏறி வந்து மூச்சிரைக்கக் கதவருகில் நின்றாள். அந்த மூச்சை வாங்கி அவளுக்குள் சக்தியாக்கிக்கொண்டிருப்பது முழுக்க உன்னுடையது. "என்னப்பா அப்படிப் பார்க்கிறீங்க?" என்றாள். உட்காரச் சொல்லிவிட்டு, அவள் மூச்சு சீராகும்வரை பக்கத்திலேயே நின்றேன்.