அந்தப் படபடப்பு உங்களால வந்ததில்ல, மதினி

என் ஆசை மதினிக்கு,

உங்க செல்வி எழுதுறேன். நீங்க போன பிறகு உங்ககிட்டச் சொல்ல எம்புட்டோ சேர்ந்து கிடக்கு. ஆனா இன்னைக்கு நல்ல சேதி. எனக்குச் சரியாயிருச்சு.

என்ன சரியாச்சுன்னு கேப்பீக. உங்களுக்குத் தெரியாதுல்ல. நீங்க போனது பங்குனியில. ஆடி பிறக்கவும் எங்க பிரஸ்ல காலண்டர் சீசன் ஆரம்பிச்சது. தாள் கட்டு ஒண்ணை எடுக்கக் குனிஞ்சேன். நெஞ்சுக்குள்ள திடீர்னு தடதடன்னு அடிச்சது. தொண்டை வரைக்கும் துடிப்பு. மெஷினும் சுவரும் சுத்துச்சு, தரையில உக்காந்துட்டேன். கொஞ்ச நேரத்துல, எப்படி வந்ததோ அப்படியே பட்டுன்னு நின்னுபோச்சு.

அதுக்கப்புறம் நெனச்ச நேரமெல்லாம் வந்தது. பஸ்ல வந்தது, துணி காயப்போடையில வந்தது. ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேர்றதுக்குள்ள நின்னுரும். ஈசிஜி எடுத்தா நார்மல். ரத்தம் நார்மல். நார்மல்னா சந்தோசப்படணும்ல? எனக்கு அழுகைதான் வந்தது.

"வீட்ல ஏதும் துக்கம் நடந்துச்சாம்மா?"ன்னு சிவகாசி டாக்டர் கேட்டார். எங்க வீட்டுக்காரக உங்களைப் பத்திச் சொன்னாக. இவ அண்ணன் சம்சாரம், காபி ஆத்திக்கிட்டு இருந்தவுக நெஞ்சைப் பிடிச்சிட்டுச் சாய்ஞ்சுட்டாக, இவ மடியிலதான் உயிர் போச்சு சார்ன்னாக.

"அப்ப இது பயந்தாம்மா. அவங்களுக்கு வந்தது நமக்கும் வந்துருமோங்கிற பயம்"னு மாத்திரை எழுதிக் குடுத்தார்.

அதுல இருந்து உங்க பேரைச் சொல்லித்தான் எனக்கு வைத்தியம். "மதினியவே நெனச்சுக்கிட்டுக் கெடக்கா"ம்பாக. "போக மனசில்லாம அவதான் இவளைச் சுத்துறா"ன்னு ஒருத்தி துணிஞ்சு சொன்னா. அண்ணன் என் முன்னால உங்க பேச்சையே எடுக்கிறதில்ல. நான் வந்தா பேச்சை மாத்திருவாக. நீங்க செத்தது ஒரு பக்கம்னா, உங்களைப் பத்திப் பேசவும் கூடாதுன்னு ஆனது இன்னொரு பக்கம்.

ஆடி கடைசி வெள்ளிக்கு இருக்கன்குடி அம்மன் கோயிலுக்குக் கூட்டிட்டுப் போனாக. அந்தக் கூட்டத்துல எனக்கு வந்துருச்சு. தள்ளாடி ஒரு அம்மா மேல சாய்ஞ்சேன். அவ்வளவுதான், சுத்தி நின்னவுக குலவை போட ஆரம்பிச்சுட்டாக. கையில வேப்பிலையைத் திணிச்சாக. "தண்ணி குடுங்க"ன்னேன். "ஆத்தா தண்ணி கேக்கா!"ன்னு ஒரு குடம் மஞ்சத்தண்ணியைத் தலையில ஊத்திட்டாக. "எம் மகளுக்கு எப்ப ஆத்தா வரன் அமையும்?"னு ஒருத்தி கால்ல விழுந்தா. நீங்க இருந்திருந்தா சிரிச்சே என்னைத் தூக்கி நிறுத்தியிருப்பீக.

தீபாவளி முடிஞ்சு எங்க வீட்டுக்காரக மதுரையில ஒரு மனநல டாக்டரம்மாகிட்டக் கூட்டிட்டுப் போனாக. யாராவது தெரிஞ்சவுக பாத்துருவாகளோன்னு முந்தானையை இழுத்து மூடிக்கிட்டுத்தான் போனேன். அந்தம்மா அவசரமே படல.

"கொஞ்சங்கொஞ்சமா கூடுதா?"

"இல்லம்மா, சுவிட்ச் போட்ட மாதிரி வருது. நிக்கிறதும் அப்படித்தான்."

"மொதல்ல பயம் வருதா, நெஞ்சு அடிக்குதா?"

யோசிச்சுப் பாத்தேன். இதை ஒருத்தரும் என்கிட்டக் கேக்கல. "நெஞ்சுதாம்மா மொதல்ல. அது அடிக்கிற அடியில, செத்துருவேனோன்னு அப்புறந்தான் பயம் வருது."

டாக்டரம்மா என்னையே பாத்தாக. "உங்களுக்குத் துக்கம் இருக்கு. அதை நாம பேசுவோம். ஆனா இது வெறும் பயம்னு எனக்குத் தோணல. ஹார்ட் டாக்டரைப் பாருங்க. அது வர்ற நேரத்துல பதிவாகணும்"னாக.

ஹார்ட் ஆஸ்பத்திரியில நெஞ்சுல ஒயரை ஒட்டி, துடிப்பைப் பதிவு பண்ற ஒரு சின்ன மெஷினை மாட்டிவிட்டாக. ஒரு நாள் காலையில பல்லு விளக்கும்போது வந்தது. வாழ்க்கையில மொத தடவையா, வா வான்னு அதை வரவேற்றேன், மதினி.

ஹார்ட் டாக்டர் தாளை விரிச்சுக் காட்டினார். ஒழுங்கா போன கோடு, ஒரு எடத்துல நெருக்கி நெருக்கி மிஷின் தையல் மாதிரி ஓடியிருந்தது. "இதயத்துல கரண்ட் போறதுக்கு ஒரு பாதை கூடுதலா இருக்கும்மா. அதுல மாட்டிக்கிட்டா இப்படிச் சுத்தும். சரிபண்ணிரலாம்"னார். நான் சிரிச்சுட்டேன். நர்ஸ் பொண்ணு மிரண்டுபோய்ப் பாத்தா. நோவு இருக்குன்னு சொன்னதுக்குச் சிரிச்சவ நான் ஒருத்தியாத்தான் இருப்பேன்.

அண்ணன் கூட வந்திருந்தாக. "அப்ப, எங்க வீட்ல ஒரு சாவு விழுந்துச்சே... அதனால வந்ததில்லையா சார்?"

"இல்லைங்க. இது பொறக்கும்போதே இருந்திருக்கும். இப்பத்தான் வெளிய தெரியுது."

அண்ணன் எந்திரிச்சு வெளிய போயிட்டாக. நான் போய்ப் பாத்தா, சுவரைப் பாத்து நின்னு அழுகுறாக. "அவளால இல்லையாம் தாயி, அவளால இல்லையாம்"னு திரும்பத் திரும்ப அதையே சொன்னாக. அம்புட்டு மாசமும் அவுக மனசுல அது கிடந்திருக்கு.

தொடை வழியா ஒயர் விட்டு, அந்தப் பாதையைச் சுட்டு அடைச்சுட்டாக. ரெண்டு நாள்ல வீட்டுக்கு வந்தாச்சு. வர்ற வழியெல்லாம் அண்ணன் சொன்னது உங்க கதைதான். நம்ம பட்டாசுக் கடையில பேரம் பேசியே ஆளைக் கொன்னவர்கிட்ட, "அண்ணாச்சி, நீங்க பேசுறதுலயே சரம் தீந்துபோகும் போல"ன்னு சொன்னீகளாமே? கார் விருதுநகரைத் தாண்டியும் சிரிச்சுக்கிட்டு வந்தோம்.

ஒண்ணு மட்டும் இன்னும் உறுத்துது. நெஞ்சு எரியுதுன்னு நீங்க அப்பப்பச் சொல்லுவீக. வாயுதான்னு நீங்களே சொல்லிச் சீரகத்தண்ணி குடிப்பீக. எப்ப இருந்து எரியுது, எப்படி எரியுதுன்னு உங்களை யாராச்சும் உக்காரவெச்சுக் கேட்டோமா, மதினி?

போன வாரம் அண்ணன் "தலை லேசாக் கிறுகிறுங்குது, வெயிலா இருக்கும்"னாக. நான் விடல. கையோட கூட்டிட்டுப் போனேன். பிரஷர் கூடியிருக்கு. இப்ப மாத்திரை சாப்பிடுறாக, முணுமுணுத்துக்கிட்டே. இனி நம்ம வீட்ல யாரு "ஒரு மாதிரியா இருக்கு"ன்னாலும், ஒண்ணுமில்லன்னு சொல்லி அனுப்ப மாட்டேன். முழுசாக் கேப்பேன். இது உங்களுக்கு நான் குடுக்கிற வாக்கு.

நேத்து மத்தியானம் உங்க நெனப்பு வந்து நல்லா அழுதேன். பழக்கதோசத்துல நெஞ்சுல கையை வெச்சுப் பாத்தேன். அது பாட்டுக்கு நிதானமா அடிச்சுக்கிட்டு இருந்தது. கையை எடுத்துட்டு, மிச்சத்தையும் அழுது முடிச்சேன். அது உங்களுக்கு மட்டுமே அழுத அழுகை, மதினி.

உங்க மடியில தலைவெச்சுப் படுத்த நாத்தனா,
செல்வி