வலது மார்பில் ஏறிய பதக்கங்கள்

என் ஆசை அண்ணாவுக்கு,

உன் நினைவுக்கல்லில் உன் மூன்று பதக்கங்களையும் வலது மார்பில் செதுக்கிவிட்டார்கள். நீ வாங்கியதை உன்னுடையதே இல்லை என்று சொல்வதற்கு அது சமம்.

இடது மார்பில் இருந்தால் அணிந்தவரே வாங்கியது. வலது மார்பில் இருந்தால் இறந்தவருக்காக வீட்டார் அணிவது. பட்டாளத்து வழக்கம் அது. முன்னாள் ராணுவத்தார் கூட்டத்துக்கு அண்ணியை அழைத்தபோது, உன் நண்பர்கள் அவர் சேலையில் வலப்பக்கம்தான் குத்தச் சொன்னார்கள்.

நான் பள்ளிக்கூடம் போனதில்லை. உன் கடிதங்களைப் படிக்கவே எழுத்துக்கூட்டிக் கற்றேன். பனிமலையில் காவல் நின்றதற்கு ஒன்று, நீண்ட பணிக்கு ஒன்று, காலில் பாய்ந்த குண்டுக்கு ஒன்று. இன்றும் எனக்கு மனப்பாடம். அந்தக் கால் மழைநாளில் வலித்ததா? நீ சொன்னதே இல்லை.

உன் மகன் முருகேசனோடு அதியமான்கோட்டைக் கல் கடைக்குப் போனேன். கடைக்காரர் சிரித்தார்.

"கல்லு நிக்கப்போற எடத்துல, சைடாத் திரும்புன மூஞ்சி வயலைப் பாத்துது ஆயா. ரோட்டைப் பாக்கட்டும்னு போட்டோவை இடம் வலமாத் திருப்பிப் போட்டமுங்க."

சட்டையில் இருந்த உன் பெயர் மட்டும் கண்ணாடியில் பார்ப்பதுபோல் இடவலம் மாறித் தெரிந்ததால் அதை நேராக்கியிருக்கிறார். பதக்கங்கள் அவர் கண்ணில் படவில்லை.

"வுடுங்க அத்தை, இதை யாருங்க பாக்கப்போறாங்க?" என்றான் முருகேசன்.

"நான் பாத்துட்டேனே."

"ஆயாவைப் பட்டாளத்துல சேத்திருந்தா எதிரி ஓடியே போயிருப்பான்," என்றார் கடைக்காரர்.

"சேத்திருந்தா எனக்கும் பதக்கம் குத்தியிருப்பாங்க. இடப்பக்கமா."

டீ வாங்கிக் கொடுத்தார். குடித்துவிட்டு அங்கேயே உட்கார்ந்திருந்தேன். மதியச் சாப்பாட்டுக்குள் படத்தைத் தேய்த்து அழித்தார்கள். வெறும் கறுப்பாகப் பளபளக்கும் அந்தக் கல்லைப் பார்த்ததில் எனக்கு நிம்மதி, அண்ணா. உனக்கு?

இனி, கடைக்காரர் உன் படத்தைத் திருப்பாமல் உள்ளபடியே செதுக்க வேண்டும். முருகேசன் கல்லை, ரோட்டிலிருந்து வயலுக்குப் போகும் பாதையின் எதிர்ப்பக்கத்தில் பாதையைப் பார்த்தபடி நட வேண்டும். அங்கே நட்டால் உன் முகம் தானாகவே ரோட்டைப் பார்க்கும். இவ்வளவு பேரில் ஒருவருக்கும் அது தோன்றவில்லை. திறப்பு நாளில் அண்ணி கல்லை மூடிய துணியை விலக்க வேண்டும். அதற்கு முன் நான் மூன்றையும் விரலால் தடவிப் பார்த்துச் சரி சொல்ல வேண்டும். சொல்லாமல் துணி விலகாது. இது என் வாக்கு.

உனக்கும் அடங்காத தங்கை,
பச்சியம்மாள்
மாரண்டஹள்ளி