காயமில்லாத சிகிச்சைக்கு ஒரு மாத ஓய்வு கோருதல்

அனுப்புநர்:
இ. கஸ்பர்,
பத்தாம் நம்பர் லயம், குருவிமலைத் தோட்டம்,
நோர்வூட்.

பெறுநர்:
சுகாதார சேவைகள் அத்தியட்சகர் அவர்கள்,
நுவரெலியா.

விடயம்: மண்ணீரல் நாடி வீக்கத்துக்குச் சிகிச்சை பெற ஓய்வு மறுக்கப்பட்டமை

மதிப்புக்குரிய ஐயா,

1. என் அக்கா பவுலின், வயது 33, இத்தோட்டத்தில் கொழுந்து பறிப்பவர். கணவரை இழந்தவர். மூன்று பிள்ளைகள். சென்ற மாதம் வயிற்று வலிக்காக எடுத்த எக்ஸ்ரே படத்தில், இடது விலாவின் கீழ் முட்டை ஓடு போன்ற ஒரு வட்டம் தெரிந்தது. மண்ணீரலுக்கு இரத்தம் கொண்டுபோகும் நாடி அங்கே வீங்கி, சுவர் மெலிந்திருக்கிறது என்றார்கள். வெடித்தால் இரத்தம் உள்ளேயே பெருகும். எப்போது வெடிக்கும் என்று யாராலும் சொல்ல முடியாது.

2. வயிற்றைத் திறக்க வேண்டியதில்லை. தொடை நாடி வழியாக மெல்லிய குழாயை ஏற்றி, வீங்கிய இடத்தைக் கம்பிச் சுருள்களால் அடைப்பார்கள். இதைச் செய்யும் வெளிநாட்டு வைத்தியர் இம்மாதம் 21ஆம் திகதி வரைதான் கொழும்பில் இருப்பார். அக்காவுக்கு 18ஆம் திகதி. பின்னர் ஒரு மாதம் சுமை தூக்கக் கூடாது.

3. கொழும்பு வைத்தியர் தந்த கடிதத்தைத் தோட்ட மருத்துவ உதவியாளர் வாசித்தார். எங்கே வெட்டுவார்கள், எத்தனை தையல் என்று கேட்டார். வெட்டில்லை, தையலில்லை என்றோம். "காயமே இல்லாத ஆபரேசனுக்கு ஒரு மாசம் லீவு எழுதுனா, தொரைக்கு நான் என்னாத்தம்மா காட்டுறது?" என்றார். இரண்டு நாள் எழுதினார். நோய் என்ற இடத்தில், வயிற்று வலி.

4. மூன்றாம் நாள், வேலைக்கு ஆள் எண்ணும் காலைப் பெரட்டுக்கு வராவிட்டால் தோட்டப் பதிவிலிருந்து பெயரை வெட்டுவார்கள். பெயர் போனால் குடியிருக்கும் லயத்து அறையும் போகும். ஆகவே அக்கா கொழும்புக்குப் போக மறுக்கிறார். நான் நாடிக்குப் பயப்படுகிறேன். அவர் பெயருக்குப் பயப்படுகிறார்.

5. தினமும் மலைக்குப் போகிறார். கூடைக் கயிறு தலையில். இடுப்பில் இறுகக் கட்டிய சாக்குப் படங்கு. நான் தேயிலை நிரைக்குக் கீழே பாதையில் நிற்கிறேன், வேலையை மேற்பார்க்கும் கண்டாக்கு விரட்டும் வரை. அவர் இருமினால் நிரைக்குள் ஏறப் பார்க்கிறேன். நேற்றுக் கேட்டார்: "வெடிச்சா வலிக்குமா தம்பி, இல்ல சும்மா மயக்கமா வருமா? கொழுந்து நிறுக்கிற எடத்துல வந்தா யாராச்சும் பாப்பாங்க." பல்கலைக்கழகத்தில் படிக்கிறவன் நான். நேற்றிரவே இம்மனுவை எழுதத் தொடங்கினேன்.

6. தோட்டத்திலிருந்து பெரிய ஆஸ்பத்திரிக்கு லொறியில் ஒன்றரை மணி நேரம். வெடித்தபின் அவ்வளவு நேரம் கிடைக்காது என்று வைத்தியர் சொல்லியிருக்கிறார்.

வெட்டில்லாவிட்டாலும் இது சத்திர சிகிச்சைக்கு ஒப்பானது, ஒரு மாத ஓய்வு அவசியம் என்று தோட்ட நிர்வாகத்துக்கு எழுத்தில் அறிவிக்குமாறு தாழ்மையுடன் வேண்டுகிறேன். தபாலை நம்பப் பயந்து மனுவை நேரில் கொண்டுவந்திருக்கிறேன். வெளியே மர வாங்கில் உட்கார்ந்து காத்திருக்கிறேன். அக்கா இந்நேரம் மலையில் இருக்கிறார்.

இடம்: நுவரெலியா
திகதி: 13.03.1986

தங்கள் பணிவுள்ள,
இ. கஸ்பர்